ஒரு சாண்

ஏழாவது அடி படவில்லை. காலையிலிருந்து பதினோரு தடவை அடித்தாயிற்று. பதினொன்றும் காற்றில். ஒரு மணிக்குள் பட்டால் பட்டது, இல்லாவிட்டால் என் கையிலிருந்து நீல வெளிச்சம் கிளம்பும் என்று நிவேதன் சொல்லிவிட்டான். சுவரில் சிவப்பு எண்கள் பன்னிரண்டு இருபது காட்டுகின்றன. யாரோ ஸ்டாண்டை இடித்துவிட்டார்களாம், கேமராக்கள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டுமாம், அதுவரை ஸ்டூலில் உட்கார் என்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறேன். உடம்பை ஒட்டிப் பிடிக்கும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, அதன்மேல் சுண்டைக்காய் அளவில் வெள்ளி உருண்டைகள் ஐம்பத்து மூன்று. முதுகில் அரிக்கிறது. சொறியக் கூடாது, உருண்டை நகர்ந்துவிடும். ஒன்றுக்கு வருகிறது. போகக் கூடாது, இதைக் கழற்றவே பத்து நிமிஷம். அறுபத்தேழு வயதில் ஒரு மனிதனைச் சொறியாதே, எழுந்திருக்காதே என்று உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கிண்டி தொழிற்பேட்டையில் மூன்றாவது மாடி. முன்பு செருப்புக் கம்பெனியின் கிடங்காக இருந்ததாம், மழைநாளில் இன்னும் தோல் வாடை வருகிறது. இப்போது நிவேதன், ஃபாரூக் என்று இரண்டு பையன்கள் இங்கே வீடியோ கேம் செய்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவன் காணாமல் போன தம்பியைத் தேடிக் கிடங்கு கிடங்காகப் போகிறான், போகிற இடமெல்லாம் அடிக்கிறான், அடி வாங்குகிறான். அவனுக்கு முகம் வேறு யாரோ. எலும்பு நான். நாற்பது கேமராக்கள் என்னைப் பார்ப்பதில்லை, உருண்டைகளை மட்டும் பார்க்கின்றன, அதிலிருந்து எலும்பைச் செய்து அதன்மேல் அவன் சதையைப் போர்த்துகிறார்கள். எனக்கு இது புதிதில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஹீரோவுக்கு டூப் போட்டவன், அப்போதும் முதுகு மட்டும்தான் எனக்கு. ஆனால் இங்கே நடை என்னுடையது. இடது முழங்கால் லேசாக வெளியே போகும் அந்த நடையையே அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஃபாரூக் திரையில் காட்டினான், சேற்றில் ஒருத்தன் என் காலை வைத்து நடக்கிறான். பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபாரூக் குறுக்குக் கட்டை வைத்த ஒரு கம்பை ஆட்டிக்கொண்டே அறையைச் சுற்றி வருகிறான். மேலே, கீழே, எட்டுப் போட்டு. கேமராக்களுக்கு அது கணக்கு. பார்ப்பதற்குத் திருஷ்டி கழிப்பது மாதிரி இருக்கிறது. திருஷ்டி என்றதும் முதல் நாள் ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கிறது. எங்கள் வழக்கம், முதல் ஷாட்டுக்கு முன் கேமராவுக்குக் கற்பூரம் காட்ட வேண்டும். காட்டாமல் ஒரு நாளும் நான் குதித்ததில்லை. நாற்பது கேமராவில் எதற்குக் காட்டுவது என்று தெரியாமல் நடுவில் நின்று தட்டில் கொளுத்திவிட்டேன். திரையில் என் எலும்புக்கூடு திடீரென்று கையை நீட்டி, கழுத்தை இரண்டு முழம் வளர்த்து, ஒரு காலை வயிற்றுக்குள் விட்டுக்கொண்டது. "மாஸ்டர் அணைங்க, அணைங்க, நெருப்பையும் உருண்டைன்னு எடுத்துக்குது!" என்று ஃபாரூக் ஓடி வந்தான். நிவேதன் மட்டும் கை தட்டினான். "இதை வச்சுக்கலாம் பாஸ், சூப்பரா இருக்கு, கடைசி வில்லன் ஃபைட்டுக்கு யூஸ் பண்ணலாம்." அவனுக்கு எல்லாமே அப்படித்தான். கை நீள வேண்டும், கத்தியிலிருந்து மின்னல் போக வேண்டும், லாரி அச்சு நீள வாளை ஒரு ஒல்லிப் பெண் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி குதிக்க வேண்டும். அப்படி ஒன்றை விளையாடியும் காட்டினான். அவள் வெட்டினால் எதிரி தலையிலிருந்து நம்பர் பறக்கிறது. நானூற்று ஐம்பது, தொள்ளாயிரம். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. ஃபாரூக் அதற்கு நேர் எதிர். அவன் காட்டியதில் ஒருத்தன் கோடாலியைத் தூக்கவே முனகுகிறான், ஓங்கினால் கால் சேற்றில் புதைகிறது, மூன்று அடிக்குமேல் கை எழவில்லை. மூலையில் பச்சையாக ஒரு கோடு குறைந்துகொண்டே வந்தது. "அது என்ன?" என்றேன். "மூச்சு மாஸ்டர். அது காலியானா அடிக்க முடியாது, ஏறற வரைக்கும் நிக்கணும்." அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் காலத்தில் ஒருவன் பத்துப் பேரை அடிப்பான், அவனுக்கு மூச்சும் வாங்காது, தலையும் கலையாது. கலைந்தால் ஒரு ஆள் சீப்போடு ஓடி வருவான். அந்தப் பத்துப் பேரும் ஒவ்வொருத்தனாகத்தான் வருவோம், மற்றவன் பின்னால் கையை ஆட்டிக்கொண்டு நிற்பான். இவர்கள் கேமிலும் அப்படியே நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். டோக்கன் கொடுத்திருக்கிறோம் மாஸ்டர், யாரிடம் டோக்கன் இருக்கிறதோ அவன்தான் அடிக்க வருவான் என்றான் ஃபாரூக். ரேஷன் கடை மாதிரி. சிரித்துவிட்டேன், நான் சிரித்தது அன்று ஒரு தடவைதான். மாஸ்டர் என்கிறார்கள். நான் மாஸ்டர் இல்லை, கடைசிவரை ஃபைட்டர். முதல் நாள் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. பன்னிரண்டு இருபத்தாறு.

அரிப்பு இடுப்புக்கு இறங்கிவிட்டது. எதிரில் தரையில் மெத்தை விரிப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பியூலா வேர்க்கடலை தின்கிறாள். அவளுக்கும் உருண்டைகள், தலையில் உருண்டை வைத்த குல்லா. அவள்தான் எனக்கு எதிரி. எதிரி என்றால் பதினான்கு எதிரிகள், தடியன், ஒல்லி, குடிகாரன், எல்லாருக்கும் அவளே எலும்பு. வியாசர்பாடிக்காரி. முப்பத்தைந்து இருக்கும், இரண்டு பிள்ளைகள், ஒரு காலத்தில் மாநில அளவில் பாக்ஸிங். முன்பல் ஒன்று பொய். "இன்னா மாஸ்டர், கடல துன்றியா?" வேண்டாம் என்று தலையாட்டினேன். "துன்னு. வவுறு காலியா இருந்தா கை வராது." கை வராததற்கு வயிறு காரணமில்லை, அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்கிறாள். ஆறு அடிகள் முடிந்துவிட்டன. குத்து, முழங்கை, தோளால் இடி, மூட்டைக் கொக்கியின் பிடியால் விலாவில் ஒன்று, எல்லாம். அவற்றிலும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. திரையில் முதல் தடவை பார்த்தபோது காது சூடாகிவிட்டது எனக்கு. சினிமாவில் கேமரா ஒரு பக்கம். முஷ்டி கன்னத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் போகும், எதிராளி தலையைத் திருப்புவான், அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அடி விழுந்த மாதிரி. படாமல் அடிக்கிறவன்தான் நல்ல ஃபைட்டர். என்னை மாதிரிப் படாமல் அடிக்க ஆள் இல்லை என்று கோடம்பாக்கத்தில் பேர். இங்கே நாற்பது பக்கமும் கேமரா. ஃபாரூக் எலும்புகளைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான், என் கையும் அவள் தலையும் நடுவில் வெளிச்சமும். இரண்டு எலும்புக்கூடுகள் ஒன்றையொன்று பார்த்து ஈ ஓட்டுவது மாதிரி. ஆறு அடிக்கு அவள் உடம்பைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சாண் இழுத்து ஒட்டிவிட்டார்கள். ஏழாவதை ஒட்ட முடியாது. ஏழாவதில் உள்ளங்கை காதோடு சேர்த்து விழ வேண்டும், விழுந்த கையை எடுக்காமல் தலையைப் பிடித்துச் சுவரில் சாய்க்க வேண்டும், தம்பி எங்கே என்று கேட்க வேண்டும். விளையாடுகிறவன் பார்வை மெதுவாகச் சுற்றி வருமாம், மூச்சுக்கூடத் தெரியுமாம். கை வெறுமே நின்றால் கதை போச்சு. காது. வேறு இடம் கிடைக்கவில்லையா இவர்களுக்கு.

எண்பத்தெட்டாம் வருஷம். கிடங்கு செட்டுதான் அதுவும். சிமெண்ட் தரை, தவிடு மூட்டைகள், சாம்பிராணிப் புகை. நான் ஹீரோவின் டூப், கன்னியப்பன் வில்லன் ஆள். ராயபுரத்துக்காரன், கழுத்தே கிடையாது, தோளிலிருந்து நேராகத் தலை. எங்களுக்குள் ஒரு வழக்கம். டேக்குக்கு முன் நான் முஷ்டியை நீட்டுவேன், அவன் தன் கையை விரித்துக் கட்டைவிரலைத் தன் கன்னத்திலும் சுண்டுவிரலை என் முஷ்டியிலும் வைத்து அளப்பான். "ஒரு சாண். ஓகே தணிகா." எழுநூறு எண்ணூறு அடி அடித்திருப்பேன் அவனை. ஒன்றும் பட்டதில்லை. அன்றைக்கு ஃபைட் மாஸ்டருக்கு என்ன கோபமோ, மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார். காத்துல அடிக்கறானுங்க, காத்துல அடிக்கறானுங்க, சோறு திங்கிறீங்களா இல்லையா. ஐந்து டேக். ஆறாவதில் கை எங்கேயோ தட்டியது. ஈர மூட்டையை அறைந்த மாதிரி. பட்ட அடிக்குச் சத்தமே இல்லை, சினிமாவில் வைக்கிற சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவன் இடது காதிலிருந்து ரத்தம் ஒரு நூல். எழுந்து சிரித்தான். "டைமிங் போச்சுடா, வுடு." ஷாட் ஓகே ஆனது. அந்தப் படம் நூறு நாள் ஓடியது, அந்த அடிக்குத் தியேட்டரில் விசில் அடித்தார்கள், நானும் உட்கார்ந்து கேட்டேன். அவனுக்கு அந்தக் காது அன்றோடு சரி. அதற்கப்புறம் யாரிடம் பேசினாலும் கோழி பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டிக் கேட்பான். ஃபைட்டர்கள் சங்கத்து பெஞ்சில் நான் எப்போதும் அவன் இடது பக்கம்தான் உட்காருவேன். உட்கார்ந்து, மன்னிச்சுக்கோடா என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, முப்பது நாற்பது தடவை. அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்காது. கேட்காது என்று தெரிந்த பக்கத்தில்தான் சொன்னேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்துப் போனான். ஐஸ் பெட்டிக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கால்மாட்டில் நின்றேன். இதில் ஒன்று உறுத்துகிறது, எத்தனையோ வருஷமாக உறுத்துகிறது. அடிக்கு முன் ஒரு சத்தம் இருந்தது. கை போவதற்கும் படுவதற்கும் நடுவில் சின்னதாக ஒன்று. மைக் இல்லை. மூட்டை இல்லை. புகை போடுகிறவன் இருமலா, அதுவும் இல்லை. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு போகிறது, எடுக்க வரவில்லை. கையை அளந்துதான் விட்டேன். ஒரு சாண் இருந்தது. இருந்த சாண் எங்கே போனது. அன்றைக்கு அப்புறம் யாரை அடித்தாலும் என் கை தானாக ஒன்றரைச் சாணில் நின்றுவிடும். அதையும் நல்ல கன்ட்ரோல் என்றார்கள்.

"பாஸ், பன்னண்டே முக்கால்," என்றான் நிவேதன் ஃபாரூக்கிடம். "நான் சொல்றதக் கேளு. கை பக்கத்துல வந்தா போதும், உள்ளங்கையில ஒரு புளூ ஃபிளாஷ், ஷாக்வேவ், எதிரி பறந்து போய்ச் சொவத்துல விழறான். எந்த மூதேவி இடைவெளிய பாக்கப் போறான்?" ஃபாரூக் கம்பைக் கீழே வைத்தான். "மூட்ட தூக்குறவன் கையில புளூ ஃபிளாஷ் எங்கேந்துடா வரும்? ஈபியில வேல பாக்குறானா?" "ஜனங்களுக்கு மூட்ட வேணாம்டா. வெளிய நிஜத்துலதான் மூட்ட தூக்குறாங்களே." "அப்ப பத்து நாளா எதுக்கு மாஸ்டர வரவெச்ச? வெளிச்சத்த அடிக்கறதுக்கு ஆள் எதுக்கு?" இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எண்களைப் பார்த்தேன். நிவேதன் கெட்டவன் இல்லை. வெளிச்சத்துக்குள் எதையும் மறைக்கலாம், அவன் சொல்வது சரி. எங்கள் பிழைப்பே அதுதான். பறக்கிற கயிற்றை மறைத்தோம், தரையில் மெத்தையை மறைத்தோம், விழாத அடியை மறைத்தோம், விழுந்த அடியையும்கூட மறைத்துவிட்டோம். இன்னும் ஒன்று மறைந்தால் என்ன. பணம் தந்துவிடுவார்கள், நான் பஸ் ஏறிப் போகலாம், ஒன்றுக்குப் போகலாம், முதுகைச் சுவரில் வைத்துத் தேய்க்கலாம். சேற்றில் நடக்கிறவன் என் காலோடு நடந்துபோய், என் மூச்சோடு மூச்சு வாங்கி, கடைசியில் உள்ளங்கையில் நீல பல்பை எரிய விடுவான். என் காலை வைத்துக்கொண்டு. அது மட்டும் வேண்டாம். வேண்டாம் என்றால் அடிக்க வேண்டும். அடித்தால் காது. உள்ளங்கை வியர்க்கிறது, ஏசி இருபதில் ஓடுகிறது, வியர்க்கிறது. இரண்டு பிள்ளைகள் அவளுக்கு. பெரியது ஆறாவது படிக்கிறது என்றாள். அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இடது பக்கம் நின்று அம்மா என்று கூப்பிட்டால்.

"ரெடி மாஸ்டர்," என்றான் ஃபாரூக். எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. இருவரும் கையை விரித்து நிற்க வேண்டும், கேமராக்கள் எலும்பை அடையாளம் பிடிக்க. சிலுவையில் தொங்குகிற மாதிரி எதிர் எதிராக நிற்கிறோம். பிடித்துவிட்டது, இறக்குங்கள் என்றார்கள். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. முஷ்டியை நீட்டினேன், பழக்கதோஷம். அளக்க வேண்டும் என்று அவளிடம் காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன், பதினோரு தடவையும் அளந்தாள். இப்போது அவள் அளக்கவில்லை. என் முஷ்டியைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையைத் தட்டிப் பார்த்தாள். "ஈரமா கீதே. பயந்துகினியா?" "உனக்குக் காது போயிடும்." "போவாது. எட்டு வருஷம் வாங்கிகினு இருந்தேன், போவல. எப்டி வாங்கணும்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். தாடைய இறுக்கிக்கணும், அடி வர்றப்போ பின்னால போவக் கூடாது. பின்னால போறவளுக்குத்தான் காது போவும்." "நீ சும்மா நில்லு, நான் பாத்துக்கறேன்." "நீ பாத்துப் பாத்துத்தான் மணி ஒண்ணாவுது. நீ அடிக்கவே வேணாம். எப்பவும் போல உன் எடத்துல நிறுத்து. சொன்னாக் கேளு பெருசு." பெருசு என்கிறாள், பத்து நாளில் முதல் தடவை. அடிக்க வேணாமாம். அது என்னால் முடியும். ஃபாரூக் மூன்று இரண்டு ஒன்று என்றான். இரண்டு எட்டு வைத்தேன், இடுப்பைத் திருப்பினேன், தோள், முழங்கை, கை போகிறது, எண்பத்தெட்டிலிருந்து போகிற அதே கை, அதே இடத்தில் நிற்கப் போகிறது, நிற்கிற இடம் எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அப்போது கீச் என்றது. கீழே. ரப்பர் அடி தரையில் உரசுகிற சத்தம். அவள் ஒரு எட்டு உள்ளே வந்துவிட்டாள். உள்ளங்கையில் காது, கன்னம், குல்லாவின் உருண்டைகள், சூடு, தாடை எலும்பு, எல்லாம் ஒரே நேரத்தில். கை நின்ற இடத்திலேயே நின்றது, தலைதான் வந்து சேர்ந்தது. பிடித்தேன். சுவருக்குப் பதில் வைத்திருந்த பலகையில் சாய்த்தேன். தம்பி எங்கே என்று கேட்க வேண்டும், கேட்டேனா தெரியவில்லை. கீச். அதுதான். எண்பத்தெட்டில், சிமெண்ட் தரையில் கேன்வாஸ் ஷூ. புகைக்கு நடுவில் சின்னதாக, மைக்குக்கு அடியில். அந்தச் சத்தம்தான். காத்துல அடிக்கறானுங்க என்று அன்று மாஸ்டர் ஐந்து தடவை கத்தினார், கத்தியது எனக்கு மட்டுமா கேட்டிருக்கும்? அப்போது அவனுக்கு இரண்டு காதும் இருந்ததே. கன்னியப்பன் உள்ளே வந்தானா. வந்து வாங்கினானா. டைமிங் போச்சுடா என்றானே, யார் டைமிங் என்று சொன்னானா. அப்படித்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. கேட்க ஆள் இல்லை. சாண் எங்கே போனது என்று முப்பது வருஷத்துக்குமேல் என் கையிலேயே தேடிக்கொண்டிருந்தேன். அவன் காலைப் பார்க்கவே இல்லை.

"கட், கட், மாஸ்டர், பட்டுடுச்சு!" ஃபாரூக் திரையைத் திருப்பிக் காட்டினான், எலும்புகளைச் சுற்றினான், எந்தப் பக்கம் சுற்றினாலும் நடுவில் வெளிச்சம் இல்லை. நிவேதன் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். "சத்தம்கூட கம்மியாத்தான் பாஸ் வைக்கணும் இதுக்கு," என்றான் மெதுவாக, எனக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நான் இன்னும் அவள் தலையை விடவில்லை. விட்டேன். காது சிவந்திருந்தது. ரத்தம் இல்லை. சுற்றிப்போய் அவள் இடது பக்கம் நின்றேன். அவள் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கே கேட்காத மாதிரி சொன்னேன், "மன்னிச்சுக்கோ." "எதுக்கு?" என்றாள் நாடாவிலிருந்து தலையைத் தூக்காமல். கேட்டுவிட்டது. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன், முதுகைப் பின்சுவரில் வைத்துத் தேய்த்தேன், உருண்டை ஒன்று கழன்று ஓடியது, ஓடட்டும். ஒவ்வொரு அடிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பேர் வைக்கிறார்கள், அடித்தவர் பேரையும் பக்கத்தில் போடுகிறார்கள். முதல் ஆறுக்கும் என் பேர்தான், பார்த்திருக்கிறேன். ஃபாரூக் தட்ட ஆரம்பித்தான். "ஏழு, காது அடி, தணிகாசலம், டேக் பன்னண்டு. சரியா மாஸ்டர்?"

"தப்பு. அழி."

"ஏன் மாஸ்டர்?"

"நான் நின்ன எடத்துலதான் நின்னேன். வந்தது யாரு? அந்தப் பேரப் போடு. இனிஷியலோட போடு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் வாயில் கடலை. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

எம். பியூலா.